ஆயிரம் வாத்தியாரும் ஒரு கிதாரும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது நண்பர் ஒருவர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததுமே, ஏதோ பெரிய வழக்கு ஒன்றைத் தீர்ப்புக்காக எடுத்து வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம். காப்பி சாப்பிட்டு முடித்த பிறகு வழக்கு வெளியே வந்தது.

"எங்கள் வீட்டில் ஒரு கிதார் இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா?" என்றார்.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருஷங்களுக்கு முன்னால் அவருடைய குமாரன் பரீட்சையில் தேறியதற்காக வாங்கிக் கொடுத்த கிதார் அது. அது வீட்டுக்கு வந்த தினத்தில் நாமும் அங்கே இருந்தோம். கேஸரிகூடச் செய்திருந்தார்கள்.

"அன்று முதல் இன்று வரையில் பையன் ஒரே பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பாட்டிலும் ஒரே இடத்தில்தான் நின்று போகிறான். அந்த இடம் வந்ததும் 'டப்' என்று ஒரு சப்தம். அப்புறம் மௌனம். அப்புறம் பழையபடி முதலிலிருந்து ஆரம்பம். 'இதோ, இப்போது நிற்கப் போகிறான்' என்று அவன் தாயார் சமையலறையிலிருந்தே சொல்லிவிடுகிறாள்."

"பையனுக்கு வாத்தியார் யாரும் இல்லையா?"

"ஏன் இல்லை? ஆயிரம் வாத்தியார்கள் இருக்கிறார்கள்! அத்தனை பேரும் அவனுடைய கைபேசிக்குள் இருக்கிறார்கள். இராத்திரி பதினொரு மணி வரையில் ஒருவர் மாற்றி ஒருவர் பாடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பையன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். தீபாவளி வரையில் பொறுத்திருப்பேன். அதற்குள் அந்த இடத்தைத் தாண்டாவிட்டால் கிதாரை விற்றுவிடப் போகிறேன். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்று எண்ணம். எந்தப் புஸ்தகத்தை வாங்கிக் கொடுத்தால் அவன் முன்னுக்கு வருவான்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

நண்பருக்கு அப்போதே பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் நமக்கும் கிதார் ஆசை பிடித்திருந்தது. ஒரு கிதாரும் ஒரு புஸ்தகமும் வாங்கினோம். புஸ்தகத்தின் பன்னிரண்டாவது பக்கம் சற்றுக் கடினமாயிருந்தது. குற்றம் புஸ்தகத்தினுடையதுதான் என்று தீர்மானித்து, வேறொன்று வாங்கினோம். அதில் பத்தாவது பக்கமே கடினமாயிருந்தது. இப்படியாக ஏழு புஸ்தகங்கள் சேர்ந்தன. ஏழு புஸ்தகங்களின் முதல் பத்துப் பக்கங்களும் நமக்கு இன்றைக்கும் மனப்பாடம். கிதார்தான் நம்மிடம் இல்லை. கேட்ட ஒருவருக்கு ஒரு நாள் அதைக் கொடுத்துவிட்டோம். இப்போதும் யார் வீட்டு ஜன்னலிலிருந்தாவது அந்த வாத்தியத்தின் நாதம் வந்தால், தெருவில் சற்று நின்றுவிட்டுத்தான் போகிறோம். ஆகவே, "விற்றுவிடப் போகிறேன்" என்று நண்பர் சொன்ன வார்த்தை நம்மைக் கொஞ்சம் சுட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை, அதே நிலையிலுள்ள மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறோம்.

* * *

அன்று சாயங்காலமே நண்பர் வீட்டுக்குப் போனோம். பையன் நம்மைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மாமா, அப்பா நிஜமாகவே விற்றுவிடுவாரா?" என்று மெல்லிய குரலில் கேட்டான். "முதலில் வாசி, பார்க்கலாம்" என்றோம்.

வாசித்தான். ஸி, ஏ மைனர் என்று இரண்டு கார்டுகள் ஓடின. கார்டு என்பது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்வது என்று நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவதாக எஃப் கார்டு வந்தது. 'டப்!' பாட்டு நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

உலகத்தில் கிதாரை ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களையெல்லாம் ஒரு மகாநாடாகக் கூட்டினால், பெரும்பாலோர் இந்த எஃப் கார்டின் வாசலில் திரும்பிப் போனவர்களாகவே இருப்பார்கள். மற்ற மூன்று கார்டுகளிலும் விரல் நுனிகளால் தந்தியைத் தொட்டால் போதும். எஃப் கார்டிலோ, ஆள்காட்டி விரல் முதல் மெட்டுக்குப் பக்கத்தில் ஆறு தந்திகளின் மேலும் படுத்துக்கொண்டு அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்கள் வேறு வேலை செய்ய வேண்டும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கிதாரிலும் சொல்கிறோம்.

பையனுடைய கையைக் கவனித்தோம். அவன் பலத்தையெல்லாம் கட்டை விரலில் வைத்துக் கிதாரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். ஆள்காட்டி விரலோ மெட்டுக்கு வெகு தூரத்தில் இருந்தது. விரலை மெட்டுக்கு ஒட்டினாற்போல் கொண்டு வந்து, எலும்பு இருக்கும் பக்கவாட்டுப் பகுதி தந்தியில் படும்படி சற்றுத் திருப்பி, கட்டை விரலைக் கழுத்தின் பின்புறத்தில் நடுவாக வைக்கச் சொன்னோம். பாதி வேலை குறைந்தது.

பிறகு அதே விரலமைப்பை ஐந்தாவது மெட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். அங்கே ஆறு தந்திகளும் தெளிவாகப் பேசின! பையனுக்கு ஒரே ஆச்சரியம். இதில் மாயம் ஒன்றுமில்லை. தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறி வரும் சிறு எலும்புத் துண்டுக்கு அருகில் தந்தி மிகவும் விறைப்பாக இருக்கும். அந்தத் துண்டு தேவைக்கு மேல் உயரமாக இருந்துவிட்டால் முதல் மெட்டில் அழுத்துவது பீமனுக்கும் கஷ்டந்தான். கிதார் செப்பனிடத் தெரிந்தவர் அதன் பள்ளங்களைச் சிறிது ஆழப்படுத்திக் கொடுப்பார். ஐந்தாவது மெட்டில் பழகி, நான்கு, மூன்று, இரண்டு என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்தால், சில வாரங்களில் முதல் மெட்டும் வசமாகும்.

நண்பர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் இரண்டு வருஷமாக இவன் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பையன் சோம்பேறி அல்ல. தினந்தோறும் வாசித்துத்தான் வந்திருக்கிறான். ஆனால், தெரிந்ததைத் தெரிந்தபடியே வாசித்துக்கொண்டு, தெரியாத இடம் வந்ததும் நிறுத்தி, மறுபடியும் தெரிந்த இடத்துக்கே ஓடிவந்திருக்கிறான். நாம் ஏழு புஸ்தகங்களைக் கொண்டு செய்த காரியத்தை அவன் ஆயிரம் வாத்தியார்களைக் கொண்டு செய்திருக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

* * *

இனி, புஸ்தகங்களின் விஷயத்துக்கு வருவோம். நமது தேசத்தில் வாய்ப்பாட்டோ வீணையோ கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியான பாதை ஒன்று தயாராக இருக்கிறது. புரந்தரதாஸர் அதை வகுத்துத் தந்தார் என்று சொல்வது சம்பிரதாயம். கிதாருக்கு அப்படி ஒரே பாதை இல்லை. ஆனால் நல்ல பாதைகள் பல உண்டு. அவை நாம் நினைப்பதைவிடப் பழமையானவை.

புரந்தரதாஸர் ஜீவித்திருந்த அதே காலத்தில், 1536-ஆம் வருஷம், ஸ்பெயின் தேசத்து வாலென்ஸியா நகரில் லூயிஸ் மிலான் என்பவர் ஒரு புஸ்தகம் அச்சிட்டார். கிதாரைப் போன்ற வடிவமுள்ள விஹுவேலா என்னும் வாத்தியத்துக்கான புஸ்தகம் அது. எளிய உருப்படியில் ஆரம்பித்துக் கடினமானவற்றுக்குப் போகும்படி வரிசைப்படுத்தியிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், 'வாத்தியார்' என்றே சொல்ல வேண்டும்! வாத்தியாரைக் காகிதத்துக்குள் அடைத்து வீட்டுக்கு அனுப்பும் யோசனை கைபேசிக்காரர்களுடையதல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறது.

அதற்கு 60 வருஷங்களுக்குப் பின், 1596-இல், பார்ஸிலோனாவில் ஜுவான் கார்லெஸ் அமாத் என்பவர் ஐந்து ஜதைத் தந்திகள் கொண்ட கிதாருக்குச் சிறு நூல் ஒன்று எழுதினார். இவர் சங்கீத வித்வானாகத் தொழில் செய்தவரல்லர்; வைத்தியர். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண் கொடுத்து, எந்தப் பாட்டுக்கும் துணை வாசிக்கும்படி வழி காட்டினார். வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டு மிகவும் பலித்தது போலும்! அந்த நூல் ஏறக்குறைய இருநூறு வருஷ காலம் திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டிருந்தது.

ஆயினும் இன்றைக்கும் மாணவர்களுடைய மேஜையின் மேல் இருக்கும் பயிற்சி நூல்களில் பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவை. அவற்றில் நாலு பேரை மட்டும் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறோம்.

முதலாவது, மௌரோ ஜூலியானி. இத்தாலியர், வியன்னாவில் புகழ் பெற்றவர். 1812-இல் வெளியான இவருடைய முதல் நூலின் முதற் பாகத்தில் வலது கைக்கு 120 பயிற்சிகள் உண்டு. இடது கைக்கோ அத்தனை பயிற்சிக்கும் இரண்டே கார்டுகள்தான்! இதில் உள்ள புத்திசாலித்தனத்தைக் கவனிக்க வேண்டும். இடது கைக்கு வேலை அநேகமாக இல்லாதபடி செய்துவிட்டால், மனம் முழுவதும் வலது கையின் மேல் இருக்கும். ஒரு சமயத்தில் ஒரு கஷ்டந்தான். பயிற்சிக் கலையின் இரகசியத்தில் பாதி இதில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, மத்தேயோ கர்காஸி. இவரும் இத்தாலியர், பாரிஸில் வாழ்ந்தவர். இவருடைய 25 பயிற்சிகள் அறுபதாவது எண்ணுள்ள தொகுதியாக வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கஷ்டத்தைப் பழக்குவது. அதே சமயத்தில் கேட்பதற்கும் இனிமையானது. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மூன்றாமவர் ஃபெர்னாண்டோ ஸோர். நான்காமவர் தியோனிஸியோ அகுவாதோ. இருவரும் ஸ்பானியர், இருவரும் கிதாருக்குப் பெரிய போதனை நூல்கள் எழுதியவர்கள். ஆனால் நகத்தால் மீட்ட வேண்டும் என்பது அகுவாதோவின் கட்சி. விரற்சதையால் மீட்ட வேண்டும் என்பது ஸோரின் கட்சி. இந்தக் காலத்தில் இப்படி இரண்டு பேர் இருந்தால், ஒருவரையொருவர் திட்டி ஆளுக்கு நூறு சலனப் படங்கள் வெளியிட்டிருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாரிஸில் ஒரே ஜாகையில் குடியிருந்தார்கள். ஸோர் இரண்டு கிதார்களுக்காக ஓர் உருப்படி இயற்றி, 'இரு நண்பர்கள்' என்று அதற்குப் பெயரிட்டு, அகுவாதோவுக்கு அர்ப்பணம் செய்தார். நகமா சதையா என்று இரவு முழுவதும் வாதம் செய்து பொழுது போக்கும் இளைஞர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நலம்.

ஸோரின் பயிற்சிகளில் இருபதைப் பொறுக்கியெடுத்து 1945-இல் வெளியிட்டவர் ஆந்த்ரே ஸெகோவியா. கச்சேரி மேடையில் கிதாருக்குப் பெரிய ஸ்தானத்தைச் சம்பாதித்துக் கொடுத்த இந்த மகா வித்வான் பெரும்பாலும் தமக்குத் தாமே வாத்தியாராயிருந்து கற்றவர். 1953-இல் இவர் வெளியிட்ட ஸ்வர வரிசைகளின் சிறு புஸ்தகத்தைக் கொண்டே தினமும் வாத்தியத்தைத் தொடுகிற மாணவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சற்றே நவீன ருசி வேண்டும் என்பவர்களுக்கு, கியூபா தேசத்து லியோ ப்ரோவர் இயற்றிய 20 எளிய பயிற்சிகள் இருக்கின்றன.

'பிக்' என்னும் சிறு தகட்டால் வாசிக்கிறவர்கள், இவையெல்லாம் நமக்கு ஆகாது என்று நினைக்கலாம். அவர்களுக்காக, பாஸ்டனிலுள்ள பெர்க்லி சங்கீதப் பள்ளியில் போதித்த வில்லியம் லெவிட் 1966 முதல் எழுதிய மூன்று பாகங்கள் இருக்கின்றன. ஸ்வரக் குறிப்பைப் படித்துக்கொண்டே விரலைப் பழக்கும் முறை. ஜாஸ் சங்கீதத்தில் நாட்டமுள்ளவர்களுக்கு மிக்கி பேக்கர் 1955-இல் வெளியிட்ட பாடநூல் உண்டு. அது ஸ்வரக் கணக்கை விளக்குவதற்கு அதிக நேரம் செலவிடாமல், நேரே கார்டுகளைக் கையில் கொடுத்துவிடுகிறது.

பழைய பயிற்சி நூல்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதுகூட இல்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த சங்கீத நூல்களைச் சேகரித்து வைத்திருக்கும் இணைய நூலகம் ஒன்று 2006 முதல் நடந்து வருகிறது. ஜூலியானி, கர்காஸி, ஸோர் எல்லோரும் அங்கே இலவசமாகத் தரிசனம் கொடுக்கிறார்கள். ஸ்வீடன் தேசத்தில் போயே என்ற ரஸிகர் ஆயுள் முழுவதும் சேர்த்த கிதார் ஏடுகளையும் ஸ்டாக்ஹோம் நூலகத்தார் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

* * *

"இத்தனை நூல்களா! எல்லாவற்றையும் வாங்கிவிடலாமா?" என்றார் நண்பர், பையில் கையை விட்டுக்கொண்டு.

"வேண்டாம். ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றைக் கடைசிப் பக்கம் வரையில் வாசிக்க வேண்டும்" என்றோம். அத்துடன், புஸ்தகமே இல்லாமல் பெரிய வித்வான்களானவர்களும் உண்டு என்று சொல்லி, மூன்று கதைகள் சொன்னோம்.

முதற் கதை ராபர்ட் ஜான்ஸனுடையது. அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்தில் 1911-இல் பிறந்த நீக்ரோ இனத்துப் பாடகர். வாலிபத்தில் இவர் கிதாரைத் தொட்டால் கூட்டத்தார் காதைப் பொத்திக்கொள்வார்களாம். பிறகு கொஞ்ச காலம் ஊரில் காணோம். திரும்பி வந்தபோது எல்லோரும் பிரமித்துப் போகும்படி வாசித்தார். நாற்சந்தியில் நள்ளிரவில் சைத்தானுக்கு ஆத்மாவை விற்று வித்தையைப் பெற்றார் என்று ஜனங்கள் கதை கட்டிவிட்டார்கள். உண்மை என்னவென்றால், அந்த இடைக்காலத்தில் ஐக் ஸிம்மர்மன் என்ற கிதார்க்காரரிடம் போய்ச் சேர்ந்து, இரவு வேளைகளில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாதகம் செய்திருக்கிறார். அங்கேதான் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்! 1936-லும் 1937-லும் அவர் இசைத்தட்டில் பதிவு செய்த 29 பாட்டுக்களை உலகம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1938-இல் 27-ஆம் வயதில் அவர் காலமானார். கஷ்டப்பட்டு உழைத்தவனுடைய உழைப்பைக் காட்டிலும் சைத்தானை நம்புவது ஜனங்களுக்குச் சுலபமாயிருக்கிறது; என்ன செய்வது?

இரண்டாவது கதை வெஸ் மாண்ட்கோமரியுடையது. இந்தியானாபொலிஸ் நகரத்தவர். சார்லி கிறிஸ்டியன் என்னும் ஜாஸ் கிதார் வித்வானுடைய இசைத்தட்டைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்து, சுமார் இருபது வயதில் கிதார் வாங்கினார். ஸ்வரக் குறிப்புப் படிக்கத் தெரியாது. கடைசி வரையில் தெரிந்துகொள்ளவும் இல்லை. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, காதால் கேட்டே அந்த வாசிப்பு முழுவதையும் கைக்குக் கொண்டு வந்தார். அவருக்கு முதலில் கிடைத்த மேடை வேலையே அவற்றை அப்படியே வாசிப்பதுதான். பிக்கின் சப்தம் அண்டை அயலாருக்குத் தொந்தரவாயிருந்ததால் கட்டை விரலால் மெல்ல மீட்டப் பழகினார். அந்தக் கட்டை விரல் நாதமே பிற்காலத்தில் அவருடைய முத்திரையாயிற்று.

மூன்றாவது கதை இங்கிலாந்தில் நடந்தது. லிவர்பூல் நகரத்தில் சில பையன்களுக்கு 'பி ஸெவன்' என்ற கார்டு தெரியவில்லை. நகரத்தின் மறு கோடியில் ஒருவருக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டார்கள். பஸ் ஏறிப் போய், அந்த ஒரு கார்டைக் கற்றுக்கொண்டு, மறு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். பிற்காலத்தில் அவர்கள்தான் பீட்டில்ஸ் ஆனார்கள். பால் மக்கார்ட்னி தாமே இதைச் சொல்லியிருக்கிறார்.

நமது நண்பருடைய குமாரனுக்குப் பி ஸெவன் கார்டைக் கண்டுபிடிக்க ஐந்து விநாடி போதும். ஆனால் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த கார்டை எவனாவது மறப்பானா? ஐந்து விநாடியில் வந்ததோ, ஆறாவது விநாடியில் போய்விடுகிறது. இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

* * *

இதனால் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே எறியச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது அருமையான கருவி. முற்காலத்துக் கிதார்க்காரர்கள் வேகமான இடம் ஒன்றைப் பிடிப்பதற்காக, நிமிஷத்துக்கு 33 சுற்றுச் சுற்ற வேண்டிய இசைத்தட்டை 16 சுற்றில் ஓட விடுவார்கள். வேகம் பாதியாகும், சுருதியோ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பூதம் பாடுவது போல் கேட்கும். இப்போது யூடியூபில் சுருதி மாறாமலே வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம். வெஸ் மாண்ட்கோமரிக்கு இந்த வசதி கிடைத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

இலவசமாகப் பாடம் சொல்லுகிறவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜஸ்டின் ஸாண்டர்கோ என்பவர் ஆரம்பப் பாடத்திலிருந்து படிப்படியாக ஒழுங்குபடுத்தி இணையத்தில் வைத்திருக்கிறார். அவர் சொல்லும் பயிற்சி ஒன்று நமது பையனுக்கென்றே ஏற்பட்டது: இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடிகிறது என்று எண்ணி, தினமும் நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துக்கொள்வது. முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை அந்த நோட்டுப் புஸ்தகமே தீர்த்துவிடும்.

'டாப்' என்று சொல்லப்படும் எண் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தத் தந்தியில் எந்த மெட்டு என்பதை எண்ணால் காட்டுகிற முறை. மிலான் காலத்திலேயே இருந்ததுதான், இழிவானதல்ல. ஆனால் இணையத்தில் இறைந்து கிடப்பவற்றில் பல, யாரோ ரஸிகர் அவசரத்தில் எழுதியவை. விரலுக்கு வழி சொல்லும். தாளத்துக்குப் பெரும்பாலும் வழி சொல்லாது. தவறுகளும் ஏராளம். காதால் சரிபார்க்காமல் அவற்றை நம்பலாகாது.

ஒழுங்கான பாதை வேண்டுமென்பவர்களுக்கு லண்டன் டிரினிடி கல்லூரி போன்ற ஸ்தாபனங்கள் எட்டு வகுப்பாக நடத்தும் பரீட்சைகள் உண்டு. நமது தேசத்திலும் நடக்கின்றன. பரீட்சையில் தேறுவதே சங்கீதம் என்று நினைக்காத வரையில் அதனால் நன்மையே. மேல்நாட்டு முறையை ஒழுங்காகக் கற்பது நமது சங்கீதத்துக்கு விரோதம் என்ற பயமும் வேண்டாம். இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் பயின்றவர்; கிதார் வாசித்தவர். அவருடைய பாட்டில் தமிழ் மண்ணின் மணம் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஆர். பிரஸன்னாவோ கமகங்கள் நிறைந்த கர்நாடக சங்கீதத்தையே கிதாரில் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

* * *

கடைசியாக, சாதகம் செய்யும் முறை. 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்ஸன் முதலிய அறிஞர்கள் பெர்லின் சங்கீதக் கல்லூரியில் வயலின் மாணவர்களைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறந்த மாணவர்கள் தனிமையில் அதிக நேரம் சாதகம் செய்து வந்தவர்களாயிருந்தார்கள். இதிலிருந்து 10,000 மணி நேரம் என்ற ஒரு மந்திரத்தை மட்டும் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எரிக்ஸன் வற்புறுத்தியது மணிக்கணக்கை அல்ல. தன் குறை எது என்று கண்டு, அதையே குறி வைத்துப் பழகுவதை.

ஆகவே பையனுக்கு நாம் வகுத்துக் கொடுத்த அரை மணி நேரம் இப்படி: சுருதி சேர்ப்பதற்கும் விரலைத் தளர்த்துவதற்கும் ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம் அந்த 'டப்' இடம் மட்டும். அதற்கு முன்னுள்ள கார்டு, அந்தக் கார்டு, பின்னுள்ள கார்டு, அவ்வளவுதான். பாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியைத் தப்பே வராத அளவுக்கு மெதுவாக வைத்துக்கொள்ள வேண்டும். நமது பாட்டு வாத்தியார்கள் முதற் காலத்தை முடிக்காமல் இரண்டாங் காலத்துக்கு விடமாட்டார்கள் அல்லவா? அதே நியாயந்தான். பத்து நிமிஷம் புஸ்தகத்திலிருந்து ஒரு புதுப் பயிற்சி. மீதி ஐந்து நிமிஷம் இஷ்டப்பட்டதை வாசிக்கலாம். இல்லாவிட்டால் எதற்காகக் கிதார்? வாரத்துக்கு ஒரு முறை தன் வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்து கேட்க வேண்டும். அது மிகவும் கசப்பான மருந்து; ஆனால் கைகண்ட மருந்து.

விரல் நுனி எரிவது சகஜம். சில வாரங்களில் தோல் தடித்துச் சரியாகிவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி ஏற்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். வலியைத் தாங்குவது வீரமென்று நினைப்பது அறியாமை. டேவிட் லெய்ஸ்னர் என்ற அமெரிக்க வித்வானுக்கு, விரல்கள் சொன்னபடி கேளாத நரம்புக் கோளாறு ஏற்பட்டு, பல வருஷங்கள் மேடையே ஏற முடியாமல் போயிற்று. விரலை மட்டும் நம்பாமல் தோள், கை முதலியவற்றின் பெரிய தசைகளைப் பயன்படுத்தும் வழியைக் கண்டு, அவர் மெள்ள மெள்ள மீண்டு வந்தார். அப்படி மீளுகிறவர்கள் எல்லோருமல்ல.

இந்த இடத்தில்தான் கைபேசியின் எல்லை தெரிகிறது. அதற்குள் இருக்கும் ஆயிரம் வாத்தியார்களையும் பையன் பார்க்கலாம். அவர்களில் ஒருவர்கூடப் பையனைப் பார்க்க முடியாது. அவன் கட்டை விரல் கழுத்தை நெரித்ததை இரண்டு வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை. ஏனென்றால் ஒருவருக்கும் அது தெரியாது. கிதாரை ஏழு புஸ்தகத்தோடு கைவிட்ட நம்மைப் போன்ற அரைகுறைக் கண்ணுக்கே அது தெரிந்ததென்றால், தேர்ந்த உபாத்தியாயர் ஒருவருடைய கண்ணுக்கு இன்னும் எவ்வளவு தெரியும்! தினமும் போக முடியாவிட்டாலும், மாதத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். புஸ்தகத்துக்கென்று எடுத்த பணத்தை அதற்குச் செலவிடும்படி நண்பரிடம் சொன்னோம். "யோசிக்கிறேன்" என்றார். அவர் யோசிக்கிறேன் என்றால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு மறுபடியும் போகலாம் என்றுதான் உத்தேசித்திருந்தோம். ஆனால் பொறுக்கவில்லை, நேற்றே அந்தத் தெரு வழியாகப் போனோம். மாடியில் கிதார் சப்தம் கேட்டது. வாசற்படியில் நின்றோம். ஸி கார்டு வந்தது. ஏ மைனர் வந்தது. ஆமை நகர்வது போல் அவ்வளவு மெதுவாக எஃப் வந்தது. சுத்தம் என்று சொல்ல முடியாது. ஒரு தந்தி ஊமையாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. அடுத்தபடியாக ஜி வந்து சேர்ந்தது.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சப்தம் சட்டென்று நின்றது. அந்த அம்மாள் கூடத்துக்கு வந்து, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நண்பரிடம், "கேட்டீர்களா? தாண்டிவிட்டான்!" என்றாள்.

நண்பர் பத்திரிகையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை அவர் வெகு நேரம் வரையில் புரட்டவும் இல்லை.